அடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு

சிறப்புப் பள்ளிச் சேர்க்கை நாளில் பெற்றோர் வாயிலிருந்து அதிகம் வருவது, "மத்ததெல்லாம் சமாளிச்சுக்குவோம் மிஸ், இந்த அடத்தைத்தான் தாங்க முடியல" என்பது. தலையைச் சுவரில் மோதிக்கொள்வது, தன் மணிக்கட்டையே கடித்துத் தழும்பாக்குவது, பக்கத்தில் இருப்பவரின் முடியைப் பிடித்து இழுப்பது, சாப்பாட்டுத் தட்டை வீசுவது, கதவு திறந்ததும் தெருவுக்கு ஓடுவது என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். துறைக்குள் இதற்குச் சவாலான நடத்தை என்று பெயர். பிரிட்டிஷ் உளவியலாளர் எரிக் எமர்சனின் வரையறைதான் இன்றும் பரவலாகப் புழங்குகிறது: தனக்கோ பிறருக்கோ உடல் ஆபத்து உண்டாகும் அளவுக்குத் தீவிரமான, அல்லது நாலு பேர் புழங்கும் இடங்களுக்குப் போய்வரும் வாய்ப்பையே கெடுத்துவிடக்கூடிய நடத்தை. இந்த எல்லைக்கோட்டை மறக்கக் கூடாது. விரல்களைக் கண்முன் ஆட்டுவதும், ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வதும், உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் ஆடுவதும் அதற்குள் வராது. பார்ப்பவருக்குக் கூச்சமாக இருக்கிறதே என்று ஒன்றைத் திருத்தப் புறப்படுவது நம் வேலை அல்ல. ஆட்டிசம் உள்ள பெரியவர்களே இதைப் பல காலமாக எழுதியும் பேசியும் வருகிறார்கள். அவர்கள் சொல்வது சரி.

எல்லைக்கோட்டைத் தாண்டிய நடத்தையைப் பற்றி என் கருத்தைச் சற்றுக் கறாராகவே சொல்கிறேன். இப்படிப்பட்ட நடத்தை எதுவும் சும்மா நடப்பதில்லை. அது அந்தப் பிள்ளைக்கு ஏதோ ஒன்றைச் சம்பாதித்துத் தருகிறது. அதே சம்பாத்தியத்தைக் குறைந்த செலவில் தரும் வேறொரு வழி கைக்கு எட்டினால்தான் பழைய வழி கைவிடப்படும். நேர்மறை நடத்தை ஆதரவு என்று இன்று அழைக்கப்படும் முறையின் சாரம் இவ்வளவுதான். கைதட்டுவது, ஸ்டார் ஒட்டுவது, சாக்லேட் கொடுப்பது என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது அதன் ஓரப்பகுதி. நடுப்பகுதி ஒரு வரவு செலவுக் கணக்கு. அந்தக் கணக்கில் பிள்ளை மட்டும் இல்லை. ஆசிரியரும் ஆயாம்மாவும் அம்மாவும் அதே ஏட்டில்தான் இருக்கிறார்கள். பயிற்சி வகுப்புகளில் விட்டுப்போகும் பாதி இதுதான்.

சம்பாத்தியம் என்று சொன்னால் ஆதாரம் காட்ட வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜான் எஃப். கென்னடி நிறுவனத்தில், பிரையன் இவாட்டாவும் உடன் பணியாற்றியவர்களும் செய்து 1982இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடிக்கல். தம்மைத்தாமே காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேரை நான்கு சூழல்களில் மாற்றி மாற்றி வைத்துக் கவனித்தார்கள். ஒவ்வொரு அமர்வும் 15 நிமிடம். ஒன்றில் பெரியவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் மட்டும் அக்கறையோடு கடிந்து அருகில் வருவார். இரண்டாவதில் பாடம் நடக்கும். காயப்படுத்திக்கொண்டால் பாடம் சற்று நிற்கும். மூன்றாவதில் விளையாட்டுப் பொருள் உண்டு, ஏவல் கிடையாது, அவ்வப்போது அன்பான கவனிப்பும் உண்டு. நான்காவதில் பிள்ளை தனியாக இருக்கும். ஒன்பது பேரில் ஆறு பேருக்கு நடத்தை ஏதாவது ஒரு சூழலில் மட்டும் தெளிவாக உயர்ந்தது. ஆனால் எல்லாருக்கும் ஒரே சூழலில் உயரவில்லை. வெளிப்பார்வைக்கு ஒரே தலைமோதல். ஒருவருக்கு அது ஆளை வரவழைக்கும் வழி, இன்னொருவருக்குப் பாடத்தை நிறுத்தும் வழி, மற்றொருவருக்கு யாருமே இல்லாதபோதும் உடம்புக்குள் ஏதோ ஓர் உணர்வைத் தரும் வழி. 1994இல் அதே ஆய்வாளர் குழு 152 பேரின் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டது. சுமார் 38 சதவீதம் பேருக்கு ஏவலிலிருந்தோ பிடிக்காத ஒன்றிலிருந்தோ தப்பிப்பதும், 26 சதவீதம் பேருக்குக் கவனிப்போ பொருளோ கிடைப்பதும், ஏறக்குறைய அதே அளவினருக்கு உடல் உணர்வும் காரணமாக இருந்தன.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. "பையன் தலையை மோதிக்கிறான், என்ன பண்ணலாம்?" என்று வாட்ஸ்ஆப் குழுவில் கேட்கப்படும் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது, சொல்பவரை நம்ப வேண்டாம். நடத்தையின் வடிவத்தை வைத்து அதன் வேலையைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாவது செய்தி நமக்குக் கொஞ்சம் கசப்பானது. தப்பித்தல் முதலிடத்தில் இருக்கிறது. அப்படியென்றால், நாம் மணிக்கணக்காகத் தயாரித்து, அட்டை வெட்டி, மணி கோத்துக் கற்பிக்கும் பாடமே பல பிள்ளைகளுக்குத் தப்பிக்க வேண்டிய ஒன்றாக இருக்கிறது. பாடம் கடினமா, நீளமா, அர்த்தமில்லாததா என்று கேட்பதற்கு முன்பே நடத்தைத் திட்டம் எழுத உட்கார்வது தலைகீழ் வேலை. மூன்று வருடமாக அதே ஏழு மணிகளைக் கோக்கச் சொன்னால் யார்தான் தட்டைத் தள்ளிவிட மாட்டார்?

அடுத்த கட்டத்தை எடுத்து வைத்தவர்கள் எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும். 1985இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். யார் எப்போது அடிக்கிறார், கத்துகிறார் என்று முதலில் பார்த்தார்கள்: வேலை கடினமாகும்போதா, பெரியவரின் கவனம் குறையும்போதா? பிறகு அதற்கேற்ற ஒரு வாக்கியத்தைக் கற்றுக் கொடுத்தார்கள். வேலை கடினம் என்பது காரணமானால், எனக்குப் புரியவில்லை என்று சொல்ல. கவனிப்பு வேண்டும் என்பது காரணமானால், நான் நன்றாகச் செய்கிறேனா என்று கேட்க. நடத்தை சட்டென்று குறைந்தது. இந்த ஆய்வின் அழகு அடுத்த பகுதியில் இருக்கிறது. காரணத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தைச் சொல்ல வைத்தபோது எதுவும் குறையவில்லை. பாடத்திலிருந்து தப்பிக்கத் துடிக்கும் பிள்ளைக்குப் பாராட்டு கிடைத்து என்ன பயன்? பேச்சுப் பயிற்சி தொடங்கினால் அடம் தானாகக் குறைந்துவிடும் என்ற நம்பிக்கை பெற்றோரிடம் வலுவாக இருக்கிறது. எந்தச் சொல்லைக் கற்பிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது பலிக்கும். பழங்களின் பெயர் இருபதைச் சொல்லத் தெரிந்து, 'போதும்' என்று சொல்லத் தெரியாத பிள்ளைகள் நம் பள்ளிகளில் ஏராளம்.

சொல் பொருந்தினாலும் போதாது, அது மலிவாகவும் இருக்க வேண்டும். 1991இல் ராபர்ட் ஹார்னரும் எச். மைக்கேல் டேயும் வெளியிட்ட ஆய்வை ஒவ்வொரு பள்ளியிலும் எழுதி ஒட்டலாம். பாடத்திலிருந்து விலக அடித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனுக்கு, தயவுசெய்து போக விரும்புகிறேன் என்ற முழு வாக்கியத்தைச் சைகையில் காட்டக் கற்பித்தார்கள். கற்றுக்கொண்டான். ஆனால் அடிப்பது தொடர்ந்தது. இடைவேளை என்ற ஒற்றைச் சைகையைக் கொடுத்ததும் அதைப் பயன்படுத்தினான், அடிப்பது குறைந்தது. நம் வகுப்புகளில் நடப்பதோ நேர் எதிர். "முழுசா சொல்லு", "கண்ணைப் பார்த்துக் கேளு", "ப்ளீஸ் எங்க?" என்று கேட்கும் விலையைக் கூட்டிக்கொண்டே போகிறோம். அடிக்கும் விலை அரை நொடிதான். பேச்சு வராத பிள்ளைக்குப் படச் சீட்டு கொடுத்துவிட்டு, தொலைந்துவிடும் என்று பீரோவில் பூட்டி வைப்பார்கள். சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற, படத்தைத் தொட்டால் பேசும் செயலி போட்ட டேப்லெட் கீழே விழுந்து உடைந்துவிடும் என்று அலுவலக மேசை டிராயரில் கிடக்கும். சீட்டு பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில், எல்லா நேரமும், கழிவறைக்குப் போகும் வழியிலும் இருக்க வேண்டும். நீட்டினால் உடனே பலன் கிடைக்க வேண்டும், தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும். இதில் சமரசம் செய்தால் மீதி எதைச் செய்தும் பயனில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க இவாட்டாவின் ஆய்வறை தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஏபிசி சார்ட் என்று எல்லாரும் சொல்லும் மூன்று பத்திகள்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதற்குப் பிறகு மற்றவர்கள் என்ன செய்தார்கள். நேரத்தையும் உடன் இருந்தவரையும் சேர்த்துக்கொள்ளலாம். எழுதுவதில் ஒரே கட்டுப்பாடு, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். 'கோபமாக இருந்தான்', 'வேண்டுமென்றே செய்தான்' என்பவை நம் மனதில் நடந்தவை. 'தட்டை மேசையிலிருந்து தரையில் தள்ளினான்' என்பது நடந்தது. மூன்றாவது பத்திதான் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும், ஏனென்றால் அதில் எழுத வேண்டியது நம்மைப் பற்றி. அறிவுத்திறன் குறைபாடுள்ளோருக்கான செகந்திராபாத் தேசிய நிறுவனம் 1992இல் வெளியிட்ட பேசிக்-எம்ஆர் அளவுகோலின் இரண்டாம் பகுதியில் 75 பிரச்சினை நடத்தைகள் பட்டியலிடப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடப்படுகிறது. நல்ல கருவி. ஆனால் அது என்ன, எவ்வளவு என்பதைச் சொல்லும். ஏன் என்பதைச் சொல்லாது. அதை நிரப்பி ஃபைலில் வைத்ததோடு மதிப்பீடு முடிந்தது என்று நினைக்கும் பழக்கம் மாற வேண்டும். நோட்டை ஒழுங்காக எழுதினால் இரண்டு வாரத்தில் ஏதாவது ஒரு வடிவம் கண்ணில் படும். அனேகமாக அது பாட நேரத்தைவிட மாறும் நேரங்களில் இருக்கும்: பிரார்த்தனை முடிந்து வகுப்புக்குப் போகையில், சாப்பாட்டு வரிசையில், வேனுக்காகக் காத்திருக்கையில். அடுத்து என்ன என்று தெரியாத காத்திருப்பு எல்லாருக்கும் கடினம். மணி பார்க்கத் தெரியாதவருக்கு அது முடிவே இல்லாதது. சுவரில் ஒரு படக் கால அட்டவணையும், 'முதல்ல இது, அப்புறம் அது' என்ற இரண்டு கட்ட அட்டையும் குறைக்கும் அளவுக்குத் தொல்லையைப் பெரிய பெயர் கொண்ட சிகிச்சை எதுவும் குறைக்காது.

நோட்டில் எந்த வடிவமும் தெரியவில்லை, சில நாள் எல்லாமே வெடிக்கிறது, சில நாள் எதுவுமே இல்லை என்றால் உடம்பைப் பார்க்க வேண்டும். 1997இல் மார்க் ஓ'ரைலி வெளியிட்ட ஆய்வில் ஒரு சிறு குழந்தை தன்னைக் காயப்படுத்திக்கொண்டது காதில் சீழ் பிடித்த காலங்களோடு ஒத்துப்போனது. மாதவிடாய் வலி இருக்கும் நாள்களில் அதே ஏவல் அதே பெண்ணிடம் பல மடங்கு கடுமையான எதிர்ப்பைக் கிளப்பும் என்பதைக் காரின் குழு 2003இல் காட்டியது. சொத்தைப் பல், மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், வலிப்புக்குப் பின் வரும் சோர்வு, தூக்கமில்லாத இரவு எல்லாம் இந்த வகை. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத ஒருவர் தாடையில் குத்திக்கொள்வதை அடம் என்று எழுதி வைப்பதைவிடப் பெரிய அநியாயம் இந்தத் தொழிலில் இல்லை. திடீரென்று புதிதாகத் தோன்றிய நடத்தை எதுவானாலும் முதலில் பல் மருத்துவரும் காது மருத்துவரும் பார்க்கட்டும். நடத்தைத் திட்டம் அதற்குப் பிறகு.

மாற்று வழி தரும் இந்த முறைக்கு வரும் முதல் மறுப்பு: கேட்டவுடன் இடைவேளை, கேட்டவுடன் கவனிப்பு என்றால் செல்லம் கொடுத்துக் கெடுப்பதாகாதா? நாள் முழுவதும் சீட்டை நீட்டிக்கொண்டே இருந்தால் பாடம் எப்போது நடக்கும்? நியாயமான கேள்வி, முதல் சில வாரங்கள் அப்படித்தான் இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். இடைவேளை அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது; தட்டு பறந்த பிறகு, கடிபட்ட பிறகு, அரை மணி நேரம் வகுப்பே நின்ற பிறகு. நாம் புதிதாக எதையும் தரவில்லை, வாங்கும் முறையை மாற்றுகிறோம். சீட்டு நிலைத்த பிறகு விலையை மெதுவாக ஏற்றலாம்: 'இன்னும் ஒரு கட்டை அடுக்கு, அப்புறம் போகலாம்', பிறகு மூன்று, பிறகு ஐந்து. இந்த ஏற்றத்தைச் செய்ய மறந்துவிட்டு, முறை தோற்றது என்று சொல்பவர்கள் உண்டு. அவசரப்பட்டு ஒரே வாரத்தில் ஏற்றி, பிள்ளை பழைய வழிக்கே திரும்பியதும் அதையே சொல்பவர்களும் உண்டு. கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடும் இன்னொரு வழியும் இருக்கிறது. 1993இல் திமோத்தி வால்மரும் உடனிருந்தோரும் கவனிப்புக்காகத் தம்மைக் காயப்படுத்திக்கொண்ட மூன்று பெண்களுக்கு, அவர்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறித்த நேர இடைவெளியில் கவனிப்பைத் தந்துகொண்டே இருந்தார்கள். காயப்படுத்திக்கொள்வது பெருமளவு விழுந்தது. வயிறு நிறைந்தவர் திருட வேண்டியதில்லை. போனில் அலாரம் வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தோளைத் தொட்டுப் பேசிவிட்டு வருவது ஓர் ஆயாம்மாவால் செய்யக்கூடிய வேலைதான்.

இரண்டாவது மறுப்புக்கு நம் ஊரில் பழமொழியே உண்டு: அடியாத மாடு படியாது. அடி வேலை செய்வதில்லை என்று சொல்லும் நல்லெண்ணப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. அடி வேலை செய்கிறது. அந்த இடத்தில், அந்த ஆளின் முன்னால், அந்த நேரத்துக்கு. அடுத்து என்ன செய்வது என்பதை அது கற்பிப்பதில்லை. எனவே அதே தேவை, அடிக்காத ஆளிடம், பெரும்பாலும் தங்கையிடமோ பாட்டியிடமோ, வேறு வடிவில் வெளிப்படுகிறது. அடியைவிட மென்மையானது என்று நினைத்துச் செய்யப்படும் 'வெளிய போய் நில்லு' இன்னும் வேடிக்கையானது. 1977இலேயே சோல்னிக்கும் உடனிருந்தோரும் தனியே ஒதுக்கி வைப்பது சில பிள்ளைகளுக்குத் தண்டனையாகாமல் பரிசாகிவிடுகிறது என்று காட்டிவிட்டார்கள். தப்பிக்க நினைப்பவரை வெளியே அனுப்பினால் கேட்டதைக் கொடுத்ததாக ஆகும். தினமும் வராந்தாவில் நிற்கும் பையன் தினமும் சம்பாதிக்கிறான்.

இனி ஏட்டின் மறுபக்கம். பிள்ளை அலறுகிறது, ஆசிரியர் முதுகில் ஒன்று வைக்கிறார், அலறல் நிற்கிறது. பிள்ளை இதிலிருந்து என்ன கற்றது என்பது நாளைக்குத்தான் தெரியும். ஆசிரியர் கற்றது உடனே தெரிந்துவிடுகிறது: அடித்தால் அமைதி. மலிவான வழி, உடனடிப் பலன், ஒவ்வொரு முறையும். எந்தச் சட்டத்தால் பிள்ளையின் கை ஓங்குகிறதோ அதே சட்டத்தால்தான் ஆசிரியரின் கையும் ஓங்குகிறது. கடுமையான நடத்தையுள்ள பிள்ளைகளுக்கும் அது இல்லாத பிள்ளைகளுக்கும் பெரியவர்கள் எப்படிப் பாடம் சொல்கிறார்கள் என்று 1991இல் கார், டெய்லர், ராபின்சன் ஆய்ந்தபோது, பிரச்சினை செய்யும் பிள்ளைக்குக் குறைவாகவும், அவனைச் சீண்டாத பாடங்களாகப் பார்த்தும் கற்பித்தது தெரிந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. பிள்ளைகள் பெரியவர்களைப் பழக்கிவிட்டார்கள். 'அவனை விட்டுடுங்க மிஸ், அவன் மூலையில இருந்தா எல்லாருக்கும் நல்லது' என்பது ஒவ்வொரு பள்ளியிலும் கேட்கும் குரல். கொடுமை என்று அதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் பிள்ளையின் படிப்பு அங்கே நின்றுவிட்டது.

இதனால்தான் தடை மட்டும் போதாது என்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையைத் தடுக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 6ஆம் பிரிவு கொடுமையான, மனிதத்தன்மையற்ற நடத்துமுறையிலிருந்து பாதுகாப்பு கோருகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 95ஆம் பிரிவு மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் கூடாது என்கிறது. அந்தக் கடைசித் தடைக்குப் பின்னால் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி நடந்த தீ விபத்தின் நிழல் இருக்கிறது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் சிக்கியவர்கள் உட்பட 28 பேர் அதில் இறந்தார்கள். இந்தச் சட்டங்கள் இல்லாத காலத்துக்கு யாரும் திரும்பக் கூடாது. ஆனால் பழைய வழியை எடுத்துவிட்டு மாற்று வழி தராமல் விடுவது, பிள்ளையிடம் செய்யக் கூடாது என்று நாம் சொல்வதையே ஊழியரிடம் செய்வது. பிரம்பு போனால் கிள்ளல் வரும், கிள்ளல் போனால் பட்டப்பெயர் வரும், அதுவும் போனால் கதவைச் சாத்திவிட்டு உட்காரும் அலட்சியம் வரும்.

மாத்திரை வேறொரு பேச்சு, சுருக்கமாகவே சொல்லலாம். ஆட்டிசமும் கடும் எரிச்சலும் உள்ள 101 பிள்ளைகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2002இல் வெளியானது. எட்டு வாரங்களில் ரிஸ்பெரிடோன் எடுத்தவர்களில் 69 சதவீதத்தினரும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 12 சதவீதத்தினரும் முன்னேறினார்கள். உடல் எடையும் ஏறியது. 2008இல் பீட்டர் டைரர் குழு அறிவுத்திறன் குறைபாடும் மூர்க்கமும் உள்ள 86 பெரியவர்களிடம் செய்த ஆய்வில், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் இரண்டையும்விட வெற்று மாத்திரை எடுத்தவர்களிடம்தான் மூர்க்கம் அதிகம் குறைந்தது. எனவே மருந்தே வேண்டாம் என்பதும் தவறு, மருந்துதான் வழி என்பதும் தவறு. மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி நோட்டு எங்கே என்பது. நோட்டு இல்லாமல் மருந்து பலித்ததா இல்லையா என்பதே தெரியாது. மருந்து பிள்ளையைச் சற்று அமைதியாக்கலாம். 'போதும்' என்று சொல்ல அது கற்றுத் தராது.

"இப்பவே ரத்தம் வருது, நீங்க நோட்டு எழுதச் சொல்றீங்க" என்பது களத்திலிருந்து வரும் நேர்மையான எதிர்ப்பு. வெடித்த நொடியில் யாருக்கும் எதையும் கற்பிக்க முடியாது. அந்த நேரத்தின் வேலை ஒன்றே ஒன்று, யாருக்கும் காயம் படாமல் கடப்பது. மற்ற பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவது ஒருவரைத் தூக்கி வெளியே போடுவதைவிட எளிது. பேச்சைக் குறைப்பது, குரலைத் தாழ்த்துவது, எதிரே நிற்காமல் பக்கவாட்டில் ஒரு கை தூரம் தள்ளி நிற்பது, ஏவலை நிறுத்துவது, தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தலையணை. இங்கிலாந்தில் ஆண்ட்ரூ மெக்டானல் வளர்த்தெடுத்த, பதற்றத்தைக் கிளறாத அணுகுமுறை இப்படிப்பட்டதுதான். பிடித்தே ஆக வேண்டிய சில நொடிகள் வரலாம். ஆனால் குப்புறப் படுக்கவைத்து முதுகில் அழுத்துவது எந்த நிலையிலும் கூடாது, அதில் மூச்சு நின்று இறந்தவர்கள் உலகெங்கும் உண்டு. அந்தக் கணத்தில் ஏவலை நிறுத்தினால் கேட்டதைக் கொடுத்ததாக ஆகாதா என்றால், ஆகும். ஒரு முறை தோற்பதால் கணக்கு கவிழாது. மறுநாள் பாடத்தை எப்படித் தொடங்குகிறோம் என்பதில்தான் அது நேராகும்.

எல்லாவற்றிலும் வலுவான எதிர்வாதம் ஆய்விலிருந்தே வருகிறது. இங்கிலாந்தில் ஏஞ்சலா ஹஸ்ஸியோட்டிஸ் தலைமையில் 23 சமூகச் சேவை மையங்களில் 246 பேரை உள்ளடக்கி நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஏறத்தாழ பாதி மையங்களின் ஊழியர்களுக்கு நேர்மறை நடத்தை ஆதரவில் பயிற்சி தரப்பட்டது. ஓராண்டு கழித்துப் பார்த்தால், பயிற்சி பெற்ற மையங்களுக்கும் வழக்கம்போல் நடந்த மையங்களுக்கும் இடையே சவாலான நடத்தையில் வேறுபாடு இல்லை. முறை பொய் என்று இதை வைத்து வாதிடுபவர்கள் உண்டு. இது வசதியான முடிவல்ல, ஒதுக்கித் தள்ளவும் கூடாது. ஆனால் ஆய்வு எதைச் சோதித்தது என்று பார்க்க வேண்டும்: பயிற்சியை. இவாட்டாவும் காரும் ஒரு பிள்ளையின் சூழலை நிமிடத்துக்கு நிமிடம் மாற்றிக் கண்டதை, சில நாள் வகுப்பில் உட்கார்ந்து வந்தவர்கள் வேலைச்சுமைக்கு நடுவே, மேலிருந்து யாரும் கேட்காத நிலையில், தாமாகவே தொடர்வார்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் கிடைக்கும். என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வு வாதத்தை உடைக்கவில்லை. பெரியவர்களையும் ஏட்டில் சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்டுகிறது. நோட்டு எழுதுவதால் அந்த ஊழியருக்கு என்ன கிடைக்கிறது? எழுதியதை யாராவது வாசித்து மறுநாள் பேசுகிறார்களா? கடிபட்ட ஆயாம்மாவை யாராவது அரை மணி நேரம் மாற்றிவிடுகிறார்களா? ஒன்றும் இல்லை என்றால் எழுதுவது செலவு மட்டும்தான், அடி இன்னும் மலிவுதான்.

பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், அரை ஆயாம்மா என்ற நிலையில் இதெல்லாம் நடக்குமா என்பார்கள். எல்லாருக்கும் நடக்காது, எல்லாருக்கும் தேவையும் இல்லை. படக் கால அட்டவணையும் இடைவேளைச் சீட்டும் மொத்த வகுப்புக்கும் ஒரே முறை செய்தால் போதும். நோட்டும் தனித் திட்டமும் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைக்கு, அதிகபட்சம் இருவருக்கு. திட்டம் பேசும் கூட்டத்தில் ஆயாம்மாவும் உட்கார வேண்டும், நாற்காலியில். சாப்பாட்டு நேரமும் கழிவறை நேரமும் வேன் நேரமும் அவர் கையில் இருக்கின்றன. சிறப்பாசிரியர் பார்க்கும் பிள்ளையைவிட அவர் பார்க்கும் பிள்ளை அதிகம் உண்மையானது. நோட்டுக்கென்று தினமும் பதினைந்து நிமிடம் ஒதுக்கித் தருவது தலைமையாசிரியரின் வேலை, தனிமனித அர்ப்பணிப்பின் வேலை அல்ல. சேவை மனப்பான்மை என்ற பெயரில் இந்தத் துறையில் ஊழியரிடம் கேட்கப்படும் பலவற்றுக்கு உண்மையில் கால அட்டவணையில்தான் இடம் வேண்டும்.

இன்னொரு இடத்தில் கணக்கு அறுந்துபோகிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உரிமை, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, 6 முதல் 18 வயது வரை. அதற்குப் பிறகு சிலர் தொழிற்பயிற்சிப் பிரிவுக்கோ பகல்நேர மையத்துக்கோ போகிறார்கள். பலர் வீட்டோடு நின்றுவிடுகிறார்கள். சீட்டும் அட்டவணையும் பள்ளிச் சுவரிலேயே தங்கிவிடுகின்றன. புதிய இடத்தில் யாருக்கும் அந்தச் சைகை புரிவதில்லை, மலிவான வழி மூடிவிடுகிறது, கை மறுபடி ஓங்குகிறது. இப்போது அது வளர்ந்த ஆளின் கை. இதைத் தவிர்க்க ஒரு பக்கத் தாள் போதும். அதில் இருக்க வேண்டியவை இவை: அவர் 'போதும்', 'வேண்டும்', 'வலிக்கிறது' என்பவற்றை எப்படித் தெரிவிப்பார். எந்த ஓசை, எந்தக் காத்திருப்பு அவருக்கு ஆகாது. வெடிக்கும் முன் உடம்பில் தெரியும் முதல் அறிகுறி என்ன. அப்போது எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும். எந்த மாத்திரை எப்போது. வீட்டுக்கு ஒரு பிரதி, அடுத்த மையத்துக்கு ஒரு பிரதி, வேன் ஓட்டுநருக்கு ஒரு பிரதி.